சொத்தைக் கடலையும் எலியின் ஈரலும்

வணக்கம் மக்களே. முதலில் இந்த நிலக்கடலைப் பருப்பைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நல்லாப் பாருங்கள். தோல் சுருங்கிக் கறுத்திருக்கிறது, பிளந்தால் இரண்டு பருப்புக்கும் நடுவில் மஞ்சளும் பச்சையும் கலந்த தூள். இப்படி இருந்தால் அது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம்தான். அது விடுகிற நஞ்சுக்குப் பெயர் அஃப்ளடாக்சின், அதிலும் பி1 என்கிற வகைதான் படுமோசம்.

நம்ம பள்ளிப்பட்டு தொடங்கி நகரி, புத்தூர் வரைக்கும் மானாவாரிக் கடலைக்கு இரண்டு பக்கமும் அடி. காய் முற்றுகிற நேரத்தில் மழை ஏமாற்றினால் மண்ணுக்குள்ளேயே பூசணம் ஏறும், பிடுங்கிப் போட்டதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் களத்தில் ஏறும்.

இந்த நஞ்சை உலகம் கண்டுகொண்டதே கடலைப் புண்ணாக்கால்தான். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணத்தைத் தேடிப்போனால் பிரேசிலில் இருந்து வந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதற்கப்புறம்தான் ஆய்வுக்கூடங்களில் எலிக்கும் வாத்துக்குஞ்சுக்கும் இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எலியின் ஈரலில் நடப்பது என்னவென்றால், ஈரல் இந்த நஞ்சைக் கரைத்து வெளியே தள்ளத்தான் பார்க்கிறது, ஆனால் அந்த வேலையில் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அதை எபாக்சைடு என்கிற இன்னும் மூர்க்கமான பொருளாக மாற்றிவிடுகின்றன, அது நேராகப் போய் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. அந்த எபாக்சைடைப் பிடித்துக் கட்டி வெளியேற்றுவது ஈரலிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்கிற காப்புப் பொருள். நஞ்சு வந்துகொண்டே இருந்தால் குளுட்டாதயோன் கையிருப்பு குறைகிறது, கூடவே பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்குகிற ஆக்சிஜன் தனியுறுப்புகள் (free radicals) பெருகி செல் சவ்வில் இருக்கும் கொழுப்பை அரிக்கின்றன. இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். ஈரலை அரைத்து தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகும், கொழுப்பு எவ்வளவு அரிபட்டிருக்கிறதோ அவ்வளவு நிறம் ஏறும். நஞ்சு தின்ற எலிகளில் இந்த நிறம் கூடுகிறது, சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸ், கேட்டலேஸ் மாதிரியான காப்பு நொதிகள் குறைகின்றன என்று எத்தனையோ ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. அதே நஞ்சைக் கொடுத்தால் ஆய்வுக்கூடத்துப் பெரிய வெள்ளை எலிக்கு ஈரல் புற்று வருகிறது, சுண்டெலி பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. சுண்டெலியின் ஈரலில் அந்த எபாக்சைடை உடனே குளுட்டாதயோனோடு கட்டிப்போடுகிற நொதி நிறைய இருக்கிறது. மனித ஈரலில் அந்தத் திறன் ரொம்பக் குறைவு. அதனால்தான் எதையாவது எலிக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் எந்த எலி என்று கேளுங்கள்.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் கொடுத்தால் எலிகளில் குளுட்டாதயோன் திரும்ப ஏறுகிறது என்பதும் ஆய்வில் வந்ததுதான். ஆனால் அது பிரித்தெடுத்த குர்குமினை எலியின் எடைக்குக் கணக்குப் போட்டுத் தினமும் ஊட்டியது. அதை நம்பி மஞ்சள் பால் குடித்துக்கொண்டே சொத்தைக் கடலையைத் தின்னலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1974ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள், அந்த ஊர் நாய்களும் செத்தன. எலிகளோடு முடிகிற கதை இல்லை இது.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், "ஏம்பா, வறுத்துட்டா விஷம் போயிடாதா?" என்று. இல்லை அக்கா. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது, இதன் உருகுநிலையே 260 டிகிரிக்கு மேல்.

அப்புறம் நம்ம பக்கத்தில் நடக்கிற வேலை ஒன்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நல்ல பருப்பை விற்றுவிட்டுச் சொத்தையை மட்டும் தனியாகச் செக்குக்கு அனுப்புகிறார்கள். நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில்தான் தங்கும், வடிகட்டாத எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றால் ஒரு நாளுக்குள் எம்1 என்ற வடிவத்தில் பாலில் வந்துவிடும். பாலுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அவ்வளவு சின்ன அளவுக்கே பயப்படுகிறார்கள். அந்தப் பாலைத்தான் நாம் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம்.

பிடுங்கின செடியைக் காய் மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்துப் போட்டுக் காயவையுங்கள். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போடணும், அதுவரைக்கும் மூட்டை கட்டாதீர்கள். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பூசணம் வளராது. கறுத்தது, சுருங்கினது, முளைவிட்டது, ஓடு உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் குழியில் போட்டு மூடுங்கள். செக்குக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம்.