இசைத்தட்டுக்கு இனம் உண்டா?

அவைக்கு வணக்கம்.

இசையை விளம்பரம் செய்யும்போது இனத்தின் பெயரைச் சொல்லி விற்பது இழிவா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மேடையை விட்டு இறங்க எனக்கும் ஆசைதான். ஆனால் அமெரிக்க இசைத்தட்டு வணிகம் இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளாக விடை எழுதுகிறது, அழிக்கிறது, மறுபடியும் எழுதுகிறது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1920 ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடலை ‘ஓகே’ (Okeh) என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிப் பதிவு செய்தார். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வகை. கறுப்பின மக்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று அதுவரை எந்த முதலாளியும் நம்பவில்லை. பாட்டை எழுதிய பெர்ரி பிராட்ஃபோர்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கித்தான் இந்த ஒரு வாய்ப்பைப் பெற்றார். தட்டு வெளிவந்தது, விற்பனையைப் பார்த்துக் கம்பெனிகள் வாய்பிளந்தன. மறு ஆண்டே கறுப்பினக் கலைஞர்களுக்கென்று ஓகே தன் பட்டியலில் 8000 என்ற தனி எண்வரிசையைத் தொடங்கியது. பாரமவுண்ட் 12000 என்றும், கொலம்பியா 14000 என்றும் பின்தொடர்ந்தன. இவற்றை விளம்பரத்தில் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றார்கள். இனத் தட்டுகள்!

இன்று கேட்கும்போது காது கூசுகிறது. ஆனால் அந்த விளம்பரங்கள் எங்கே வெளிவந்தன தெரியுமா? ராபர்ட் அபட் 1905-இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ போன்ற கறுப்பினப் பத்திரிகைகளில். தன் மக்களைக் குறிக்க ‘ரேஸ்’ என்று தலைநிமிர்ந்து எழுதியதே அந்தப் பத்திரிகைதான். ‘ரேஸ் மேன்’ என்றால் தன் சமூகத்துக்காக முன்னே நிற்பவர் என்று பொருள். வெள்ளை முதலாளிகள் புதிதாக ஒரு வசவைக் கண்டுபிடிக்கவில்லை. வாங்குபவர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சொல்லையே எடுத்து அவர்களிடம் சரக்கு விற்றார்கள். விளம்பரங்களில் வரைந்த கேலிச்சித்திரங்கள் சிலவற்றை மன்னிக்க முடியாது, அது வேறு. அந்தச் சொல்லை மட்டும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் ‘பிளாக் ஸ்வான்’. ஹாரி பேஸ் என்ற கறுப்பின வணிகர் 1921-இல் தொடங்கிய கம்பெனி. பாடகி ஈத்தல் வாட்டர்ஸின் பாட்டு அதற்குப் பேரும் பணமும் சம்பாதித்துக் கொடுத்தது. அதன் விளம்பரம் கூச்சமே இல்லாமல் அடித்துச் சொன்னது: உண்மையான கறுப்பினத் தட்டு எங்களுடையது மட்டுமே, மற்றவை எல்லாம் கறுப்பு வேடம் போட்டவை. இன்றைக்கு ஒரு வெள்ளையர் நிறுவனம் இப்படி விளம்பரம் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அன்று அது ஒரு கறுப்பின முதலாளி எழுப்பிய உரிமைக் குரல்.

வேடிக்கை இனிமேல்தான். பேஸும் அவருடைய கூட்டாளியும் 1922-இல் ஒலிம்பிக் என்ற நொடித்துப்போன கம்பெனியை வாங்கினார்கள். அதன் பதிவுகளில் வாசித்திருந்தவர்கள் வெள்ளையர்கள். பிளாக் ஸ்வான் அவர்களுக்கெல்லாம் புனைபெயர் சூட்டி, தன் சொந்த லேபிளை ஒட்டி விற்றது. அசல் கறுப்பு என்று விளம்பரம் முழங்கியபோது ஊசியின் கீழே சுழன்றது வெள்ளையர் வாசிப்பு! காதால் கேட்டு இனத்தைக் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் இந்த வியாபாரம் ஒரு வாரம்கூட நடந்திருக்காது.

எதிர்ப்பக்கத்திலும் ஒன்று நடந்தது. ஆலன் சகோதரர்கள் என்று டென்னசியைச் சேர்ந்த வெள்ளையர் இருவர் ப்ளூஸ் பாடினார்கள். 1927-இல் பதிவான அவர்களுடைய தட்டு ஒன்றைக் கொலம்பியா தவறுதலாக 14000 வரிசையில், அதாவது கறுப்பினத் தட்டுகளோடு வெளியிட்டுவிட்டது. சகோதரர்கள் கொதித்தெழுந்து வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள். பிறகு விக்டர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை; மாறியது பட்டியலில் இருந்த எண் மட்டும்தான். அந்த எண் எந்தக் கடையில், யார் கைக்குப் போகும், பாடகனுக்கு எந்த மேடை கிடைக்கும், எது கிடைக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கறுப்பினப் பாடகர்களுக்கு அந்தக் கோபத்தைக் காட்டவும் வழியில்லை. கம்பெனியை மாற்றினாலும் அங்கேயும் தனி வரிசைதான் காத்திருந்தது.

ஆகவே நான் பார்ப்பது விளம்பரச் சொல் ஆளைக் கூப்பிடுகிறதா, வெளியே நிறுத்துகிறதா என்பதைத்தான்.

இனத்தைப் பற்றி வாயே திறக்காமல் வெளியே நிறுத்தவும் முடியும். 1966-இல் சார்லி பிரைடு என்ற கறுப்பினப் பாடகரின் கன்ட்ரி இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய ஆர்சிஏ நிறுவனம், வழக்கமாக வைக்கும் பாடகர் படத்தை மட்டும் வைக்கவில்லை. குரல் பிடித்த பிறகு நிறம் தெரியட்டும் என்ற கணக்கு. விளம்பரத்தில் ஒரு தவறான சொல்லும் கிடையாது. ஆனாலும் எனக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ விளம்பரத்தைவிட இதுதான் அதிகமாக உறுத்துகிறது.

இதற்கிடையே பெயர்கள் நாகரிகமாகிக்கொண்டே வந்தன. இசைத்தட்டு விற்பனைத் தரவரிசை வெளியிடும் ‘பில்போர்டு’ பத்திரிகை 1949 ஜூனில் தன் ‘ரேஸ்’ தரவரிசைக்கு ‘ரிதம் அண்டு ப்ளூஸ்’ என்று பெயர் மாற்றியது. அங்கே நிருபராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர் கொடுத்த பெயர் அது. 1969-இல் ‘சோல்’ ஆயிற்று. 1982-இல் வெளிப்படையாக ‘பிளாக்’. 1990-இல் மறுபடியும் ஆர் அண்டு பி, அதாவது ரிதம் அண்டு ப்ளூஸ். பலகையைத்தான் மாற்றினார்களே தவிர, தனிப் பட்டியல் தனிப் பட்டியலாகவே இருந்தது.

‘அர்பன்’, அதாவது நகர்ப்புறம், என்ற சொல் வந்த வழியைப் பாருங்கள். 1970-களில் நியூயார்க்கின் டபிள்யூபிஎல்எஸ் வானொலியில் இருந்த ஃபிராங்கி குரோக்கர் என்ற கறுப்பின ஒலிபரப்பாளர் ‘அர்பன் கன்டெம்பரரி’ என்று தன் நிகழ்ச்சி முறைக்குப் பெயர் வைத்தார். கறுப்பின வானொலி என்றால் விளம்பரதாரர்கள் பணம் போடத் தயங்குவார்கள், நகர்ப்புற வானொலி என்றால் போடுவார்கள். அவர் செய்தது வியாபார சாமர்த்தியம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கொஞ்ச காலத்திலேயே விளம்பரதாரர்கள் அந்தச் சொல்லையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ‘நோ அர்பன் டிக்டேட்’ என்பது விளம்பரத் துறையில் வழக்குச் சொல்லாகவே ஆனது. அர்பன் நிலையங்களில் எங்கள் விளம்பரம் வேண்டாம் என்ற உத்தரவு அது. 1998-இல், வானொலிகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் உள்சுற்றறிக்கை வெளியே கசிந்தது. நமக்கு வேண்டியது வாடிக்கையாளராகக் கூடியவர்கள், சந்தேகப் பேர்வழிகள் அல்லர் என்று அதில் எழுதியிருந்தார்கள். நேயர்கள் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த நிலையங்கள்கூட அதற்குரிய வருமானத்தைப் பெற முடியவில்லை.

இதைக் கேட்டுத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்பதைக் கேட்டு அல்ல. அமெரிக்க ஒலிபரப்பு ஆணையமும் 2008-இல் வெளியிட்ட விதியில் சொற்களைத் தொடவில்லை. விளம்பர ஒப்பந்தங்களில் இனப் பாகுபாடு இல்லை என்று உரிமத்தைப் புதுப்பிக்கும்போது உறுதியளிக்க வேண்டும் என்றது. சரியான இடத்தில் கைவைத்தார்கள் என்பேன்.

பிரிட்டனில் 1996 முதல் நடக்கும் ‘மோபோ’ விருதுகள் கறுப்பினத்தில் பிறந்த இசைக்கு என்று தன் பெயரிலேயே சொல்கின்றன. அதைத் தொடங்கிய கன்யா கிங்கும் கறுப்பினத்தவர். அந்தப் பெயர் ஆளைக் கூப்பிடுகிறது; அதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை.

2020 ஜனவரியில் ராப் ஆல்பத்துக்கான கிராமி என்ற அமெரிக்க இசை விருதை வாங்கிய கறுப்பினக் கலைஞர் டைலர் தி கிரியேட்டர், ‘அர்பன்’ என்பது கறுப்பினத்தவரைத் திட்டும் பழைய இழிசொல்லின் நாகரிக வடிவம்தான் என்று மேடைக்குப் பின்னால் நிருபர்களிடமே சொன்னார். ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட இரண்டு வாரங்களுக்குள் ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. கிராமிக் குழுவும் ஜூனில் ‘அர்பன் கன்டெம்பரரி’ பிரிவை ‘புரோகிரஸிவ் ஆர் அண்டு பி’ ஆக்கியது. அதே அறிவிப்பில் லத்தீன் இசைப் பிரிவு ஒன்றின் பெயரில் ‘அர்பன்’ என்று புதிதாகச் சேர்த்தார்கள்! ஸ்பானிஷ் பாடகர்களே தங்கள் இசையை ‘மூசிகா உர்பானா’, நகர்ப்புற இசை, என்கிறார்களே என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். சொல்லட்டும். அந்த இசையை ஒலிபரப்பும் ஸ்பானிஷ் நிலையங்களையும் ஒதுக்கச் சொன்ன உத்தரவுகள் உண்டு. 2008 விதி அவற்றுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.