ஒரு நிமிடம் மட்டும் மிஞ்சிய காதல் படம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் 1925 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியானது. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே பாரமவுண்ட் பட நிறுவனம் அதை மௌனப் படமாக வெளியிட்டுவிட்டது. இயக்கம் ஹெர்பர்ட் பிரெனன். நாயகன் கேட்ஸ்பியாக வார்னர் பாக்ஸ்டர், அவன் காதலிக்கும், வேறொருவனை மணந்துவிட்ட டெய்சியாக லோயிஸ் வில்சன். இன்று அந்தப் படம் இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிட டிரெய்லர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

1949, 1974, 2013 என்று இதே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்களே, அப்புறம் பழைய படம் எதற்கு என்று கேட்கலாம். பின்னால் வந்தவர்கள் கதை நடக்கும் 1920-களைத் தேடிப் பிடித்து ஜோடிக்க வேண்டியிருந்தது. பிரெனனுக்கு அந்த வேலையே இல்லை. அந்தக் கார்களும் உடைகளும் அப்போது தெருவில் ஓடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தவை.

படம் அருமையானது என்று நான் வாதாடவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி செல்டா, படம் படுமோசம், எழுந்து வந்துவிட்டோம் என்று மகளுக்கு எழுதினார். சரி, இருக்கட்டும். மோசமா இல்லையா என்பதை நாமே பார்த்துச் சொல்ல வேண்டாமா?

பேசும் படம் வந்ததும் மௌனப் படங்களுக்குச் சந்தை போய்விட்டது. அன்றைய நைட்ரேட் ஃபிலிம் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் தானாகவே சிதைந்து பொடியாகும். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் சுருள்களை அழித்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வுப்படி, அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 விழுக்காடு அடியோடு போய்விட்டன. நெஞ்சு பதறும் கணக்கு இது.

ஆனாலும் நான் நம்பிக்கையை விடவில்லை. எலினோர் கிளின் நாவலிலிருந்து 1922-ல் வந்த 'பியாண்ட் தி ராக்ஸ்', குளோரியா ஸ்வான்சனும் ருடால்ஃப் வாலண்டினோவும் சேர்ந்து நடித்த ஒரே படம். அதுவும் தொலைந்தது என்றே நினைத்திருந்தார்கள். நெதர்லாந்தில் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து 2003-ல் அது வெளிப்பட்டது. 2005-ல் மறுபடி திரைக்கு வந்தது.

கேட்ஸ்பியும் அப்படிக் கிடைத்தால், நான் முதலில் தேடுவது ஹோட்டல் அறைக் காட்சியைத்தான். கணவனை ஒருநாளும் காதலித்ததில்லை என்று சொல்லிவிடு என்று கேட்ஸ்பி டெய்சியை நெருக்குவான். அவள் சொல்லிப் பார்ப்பாள், முழுசாகச் சொல்ல வராது. நாவலில் அவளுடைய குரலுக்கே தனி மயக்கம் உண்டு. அந்தக் குரல் இல்லாமல், திரையில் எழுத்தாகக் காட்டும் சில வசன அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பிரெனனும் லோயிஸ் வில்சனும் அந்தத் தடுமாற்றத்தை எப்படிக் காட்டினார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.