மணல் போகும் திசை

நேயர்களுக்கு வணக்கம். அறிவியல் புனைகதைக்கு உண்மையான ஓர் ஊரைக் களமாகக் கொள்பவர், அதன் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் முன், அங்கே எது எதனால் நடக்கிறது என்று விசாரித்து அறிய வேண்டும் என்பது நான் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்து. நான் வாழும் வடசென்னையையே எடுத்துக்கொள்கிறேன்.

நூறாண்டுகளுக்குப் பின் இராயபுரத்தைக் கடல் கொண்டுவிட்டது என்று எழுத ஒரு வரி போதும். எந்தத் தெரு முதலில் போயிற்று, எது கடைசிவரை நின்றது என்று எழுத மணலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் அது தெற்கு நோக்கித் திரும்புகிறது. 1870-களில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பத் தொடங்கியபின், வடக்கே போகவேண்டிய மணல் வழியிலேயே தடைபட்டது. தெற்கே தேங்கிய அந்த மணலால்தான் நீங்கள் மாலையில் காற்று வாங்கப் போகும் மெரினா இத்தனை அகலமாயிற்று. மீண்டும் சொல்கிறேன், மெரினாவை அகலமாக்கிய அதே சுவர்தான் இராயபுரத்திற்கு வடக்கே கரையை அரிக்கவும் காரணமாயிற்று.

அரிப்பைத் தடுக்க இப்போது தூண்டில் வளைவுகள் போடுகிறார்கள். கடலுக்குள் நீளும் அந்தக் கல்வரிசையின் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை கரையும். திருவொற்றியூர்க் கரையில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதை என்னிடம் இப்படிச் சொன்னார்: "தம்பி, இங்க கல்லு போட்டா எங்களுக்கு மண்ணு சேரும், வடக்கால இருக்கறவனுக்கு வீடு போவும். அவனும் எங்களுக்குச் சொந்தக்காரன்தான்." கல் வேண்டுமென்று ஒரு குப்பமும், வேண்டாமென்று அதற்குப் பெண் கொடுத்த அடுத்த குப்பமும் எதிரெதிரே நிற்கும் ஒரு நாவலுக்கு விண்கலம் எதற்கு? கடல்மட்டத்தை இரண்டு அடி உயர்த்திவிட்டு, மணலை அதன் வழக்கப்படியே போகவிட்டால், கதை தானாகவே நகரும்.

பழைய செய்திகளும் உதவும். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்டுத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபின், மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள். வேற்றுக்கோள்வாசிகள் வந்திறங்கும் கதையை எழுதுபவர் அந்த வாரத்துச் செய்தித்தாள்களைத் தேடிப் படிக்கட்டும். மூட்டை முடிச்சுடன் எந்தச் சாலை வழியே மக்கள் போவார்கள் என்பதை ஊகிக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே நீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் எங்கே படிந்திருக்கிறது, எங்கே இன்னும் பழைய சேறு இருக்கிறது என்பதை அவர்களுடைய விரல்கள் அறியும். அந்த நீரில் வாழும் புதியதோர் உயிரினத்தைப் படைக்க விரும்புபவர், அது எங்கே ஒளியும், எதைத் தின்னும் என்று முதலில் அவர்களிடம் கேட்கட்டும். வணக்கம்.