கரிக்குவியலுக்கும் வட்டி ஓடும்

வணக்கம். பிரிட்டன் நிலக்கரி என்றதும் பிரதமர் தாட்சர், சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஸ்கார்கில், சுரங்க மூடலை எதிர்த்த 1984 வேலைநிறுத்தம், இவைதான் பலருக்கும் ஞாபகம் வரும். நான் எங்கே பேசினாலும் அதற்கு நாலைந்து வருஷம் முன்னாலிருந்துதான் தொடங்குவேன். முதலில் கொஞ்சம் பின்னணி.

1947 ஜனவரி 1 அன்று சுரங்க வாசல்களில் பலகை வைத்தார்கள்: மக்கள் சார்பில் தேசிய நிலக்கரி வாரியம் நடத்தும் சுரங்கம் இது என்று. மக்கள் சொத்துதான். ஆனால் முதல் போட வாரியம் அரசிடம் கடன் வாங்க வேண்டும், வட்டியும் கட்ட வேண்டும். எண்ணெய் விலை ஏறிய 1974இல், இனி கரிக்குத்தான் காலம் என்று பெரிய விரிவாக்கத் திட்டமே போட்டார்கள். யார்க்ஷயரின் செல்பி சுரங்கங்கள் அப்படி வந்தவை.

1979இல் தாட்சர் அரசு. பணப்புழக்கத்தை இறுக்கினால் விலைவாசி அடங்கும் என்பது அவர்கள் கொள்கை. அந்த நவம்பரில் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி 17 சதவீதம்! கடன் வாங்கிச் சரக்கு அடுக்கிய கடைக்காரரைக் கேளுங்கள், சரக்கு தூங்கினாலும் வட்டி தூங்காது என்பார். விற்காமல் குவிந்த கரிக்கும் அதே கதிதான். வாங்க ஆள் எங்கே? பொருளாதார மந்தத்தில் ஆலைகள் படுத்துவிட்டன. எஃகு குறைந்தது, மின்சாரத் தேவையும் குறைந்தது.

போதாததற்கு, 1976இல் 1.60 டாலருக்கும் கீழே போன பவுண்டு 1980இல் 2.40ஐத் தாண்டியது. உயர்ந்த வட்டியைத் தேடி வெளிநாட்டுப் பணம் வந்தால் பவுண்டு ஏறும். பிரிட்டனுக்கு வடகடலில் கிடைத்த எண்ணெய்க்கும் இதில் பங்குண்டு, பழி முழுவதையும் வட்டிமேல் போட மாட்டேன். வெளிநாட்டுக் கரிக்கு விலை டாலரில். பவுண்டு ஏற ஏற இறக்குமதி மலிவு. ஒன்று சொல்கிறேன்: சுரங்கத்தில் யாரும் குறைவாக வெட்டவில்லை. அதே ஆள், அதே கரி. மேலே கணக்குதான் மாறியது.

வாரியம் வாங்கும் கடனும் அரசுக் கடனோடு சேர்த்தே எண்ணப்பட்டது. அதனால் அதற்கும் வரம்பு போட்டார்கள். 1980 நிலக்கரிச் சட்டம், 1983-84க்குள் நஷ்டத்துக்கான மானியம் இல்லாமல் நடத்து என்றது. மந்தம் உச்சத்தில் இருக்கும்போதா இந்தக் கெடு? 1981 பிப்ரவரியில் 23 சுரங்கங்களை மூடும் திட்டம் வெளியே வந்தது, தொழிலாளர்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது.

சரி, நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வேலைநிறுத்தத்துக்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1985 மார்ச்சில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். அதே அக்டோபரில், பணப்புழக்கத்துக்கு வைத்த முக்கிய இலக்கை நிதியமைச்சர் லாசன் நிறுத்திவைத்தார். சுரங்கங்கள் மூடப்படுவது மட்டும் நிற்கவில்லை. 1994இல் மிச்சமிருந்தவை தனியாருக்குப் போயின. நன்றி, வணக்கம்.