எதிர்சேவை அன்றைக்குப் பார்த்த ‘வீடு’

(மதுரை திருநகரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மனசுக்குப் பிடித்த ஒரு பழைய படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாலுமகேந்திராவின் ‘வீடு’ பற்றிப் பேசுகிறேன். 1988-இல் வந்த படம். முப்பது வருஷத்துக்கு மேல் நான் அதன் பக்கமே போகவில்லை. விருது வாங்கிய படம் என்றால் மெதுவாகப் போகும், அழவைக்கும் என்று ஒதுக்கிவிட்டேன்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் அழகரைப் பார்க்கத் தல்லாகுளம் போய்விட்டார்கள். எனக்கு முழங்கால் வலி, அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. ஊரே அங்கே திரண்டிருந்ததால் நம் தெருவில் ஆள் அரவம் இல்லை. டிவியைப் போட்டேன், படம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சரி, தூக்கம் வரும்வரை ஓடட்டும் என்று விட்டேன். தூக்கம் வரவே இல்லை.

குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலைமை. வேலைக்குப் போகும் சுதா, அவள் தங்கை, தாத்தா. சென்னையில் தோதான வீடு அமையாமல், சொந்தமாகவே கட்டத் துணிகிறார்கள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஆனால் பணம், அனுமதி, சிமெண்டு என்று ஒவ்வொன்றாக வர வர, சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். எனக்கு அவர் நடிப்பதாகவே தோன்றவில்லை. கான்ட்ராக்டரின் திருட்டுத்தனத்தைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடம் இருக்கிறதே, வீடு கட்டியவர்கள் யாராலும் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிமெண்டு மூட்டைக் கணக்கில் நானும் ஏமாந்தவன். எனக்கு எடுத்துச் சொல்ல மங்கம்மா மாதிரி ஒரு ஆள் அன்றைக்கு இல்லை.

அப்புறம் அந்தத் தாத்தா. நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தள்ளாத வயதில் தனியாகப் போகிறார். கதவு கிடையாது, பூச்சு கிடையாது. வெறும் செங்கல் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே நடக்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும்தான். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! வீடு திரும்பும் வழியிலேயே அவர் உயிர் போய்விடுகிறது. படத்தின் முடிவை நான் சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள்.

எனக்கு அந்த இடத்தில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீடு லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு உயரத்துக்குச் சுவர் எழும்பி நின்றபோது உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். வீட்டில் யாரும் இல்லாத நேரம், நான் மட்டும்தான் கூட இருந்தேன். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டார். அன்றைக்கு அது வாசல்கூட இல்லை, வெறும் மணல் குவியல். சுவரில் உள்ளங்கையை வைத்து, “ஏப்பா, இன்னைக்குத் தண்ணி விட்டாகளா?” என்றார். விட்டார்கள் என்றேன். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேறு எதுவும் பேசவில்லை. அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று இத்தனை வருஷமாக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்த ராத்திரியோடு அது போய்விட்டது.

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு மறுநாள்தான் எல்லோரும் திரும்பினார்கள். படத்தின் கதையையும் அப்பா வந்த கதையையும் சேர்த்தே சொன்னேன். என் மனைவி கேட்டாள்: “மாமா கை வச்சது எந்தச் சுவரு?”

சாமி ரூம் சுவரைக் காட்டினேன்.