ரெண்டே நாளில் பரு அமுங்கினால் சந்தேகப்படுங்கள்

[காட்சி: கன்னத்தில் சிவந்து வீங்கிய பரு, நெருக்கத்தில்]

தொட்டாலே வலிக்கிற பரு. வார இறுதியில் கல்யாண வீடு. நேராக மெடிக்கல் ஷாப்பில் போய், "அண்ணா, பருவுக்கு ஏதாவது கிரீம் கொடுங்க" என்று கேட்கிறோம். அவர் கொடுத்ததைப் பூசினால் ரெண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடுகிறது.

[காட்சி: ட்யூபின் பின்பக்கப் பொடி எழுத்து]

இந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன். இதில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும். நிறுத்தினால் பரு முன்பைவிட மோசமாகக் கிளம்பும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

சரி, எதுதான் வேலை செய்யும்?

[காட்சி: அடைபட்ட தோல் துளையின் வரைபடம்]

துளை அடைபட்டு, எண்ணெய் தேங்கி, அதில் பாக்டீரியா பெருகி, கடைசியில் துளையின் சுவர் உடைவதால்தான் இந்த வீக்கம். பாக்டீரியாவைக் கொல்வது பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும். தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துப்போகும், வெள்ளைத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பைத் திறப்பது அடாபலீன். ராத்திரியில், பட்டாணி அளவு, முகம் முழுக்க. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது வீண். முதல் சில வாரம் பரு கூடினாலும் பயப்பட வேண்டாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பிணிகள் இதைத் தொடக்கூடாது.

இதற்கும் மசியவில்லையா? தோல் டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவார். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், போட்டதும் படுக்காதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகும். வழக்கமாக மூன்று நாலு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள்.

ஆழத்தில் கட்டி கட்டியாக வந்து தழும்பு விழுகிறதென்றால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. பலன் பெரிசு, நிபந்தனையும் பெரிசு. உதடு வெடிக்கும், ரத்தப் பரிசோதனை உண்டு. கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மாத்திரை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கருத்தரிக்கவே கூடாது.

தாடையோரம் மட்டும் பருவும், தள்ளித் தள்ளி வரும் மாதவிடாயும் இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு ஹார்மோன் வழி சிகிச்சை தனி.

அப்புறம், ஒற்றைக் கட்டி மட்டும் பெரிதாக நின்றால் அதற்குள்ளேயே ஊசி போடுவார்கள். மருந்து ஸ்டீராய்டுதான்! ஆனால் நீர்த்த ஒரு துளி, அளவறிந்த கையால். அளவு மீறினால் அங்கேயும் குழி விழும்.

[காட்சி: கிளினிக் மேஜைமேல் பாதி பிதுக்கிய ட்யூப்]

டாக்டரிடம் போகும்போது இதுவரை பூசிய ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று குப்பையில் போட்டுவிட்டுப் போனால், ஸ்டீராய்டு எத்தனை நாள், எவ்வளவு வீரியத்தில் போனது என்று அவர் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும்.