அக்குளில் அணைத்துக்கொள்ள ஒரு தலையணை

அன்பு நேயர்களுக்கு வணக்கம். மார்பக அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்காகத் தைக்கப்படும் சிறு தலையணையைப் பற்றிப் பேச என்னை அழைத்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. நான் திருப்பூரில் தையல் கற்றுக்கொடுப்பவள். மருத்துவம் படித்தவள் அல்ல. உடலைப் பற்றி நான் சொல்லப்போகும் செய்திகள் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை. துணியையும் பஞ்சையும் பற்றிச் சொல்பவை என் கைப்பழக்கத்தில் வந்தவை.

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆண்களுக்கும் இது வருவதுண்டு. இந்நோய் கண்ட நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். இவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையின் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவை தேவைப்படுகிறது.

மார்பில் அறுவை செய்தால் வலி மார்பில்தான் இருக்கும் என்று வெளியிலிருக்கும் நாம் நினைக்கிறோம். அறுவை செய்துகொண்டவர்களிடம் கேட்டுப்பாருங்கள். பலர் அக்குளையும் மேற்கையின் உட்புறத்தையும்தான் முதலில் தொட்டுக் காட்டுவார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று அறியவும், பரவியிருந்தால் அகற்றவும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை, அதாவது நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை, மருத்துவர்கள் எடுக்கிறார்கள். அவ்வழியாக மேற்கையின் உட்புறத் தோலுக்குச் செல்லும் மெல்லிய நரம்பு ஒன்று அறுபடவோ இழுபடவோ நேர்கிறது. அதனால் அந்த இடம் ஒருபுறம் மரத்துப்போகிறது; மறுபுறம், துணி உரசினாலே எரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில் மார்புத் தசைகளையும் சேர்த்தே அகற்றிவிடுவார்கள். 1970-களில் பெர்னார்ட் ஃபிஷர் போன்றோர் தொடங்கிய ஆய்வுகளுக்குப் பிறகு அறுவையின் எல்லை வெகுவாகச் சுருங்கிவிட்டது. நோய் தொடக்கத்திலேயே தெரியவந்தால் இன்று ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்து நிறுத்திக்கொள்ள முடிகிறது. ஆனால் கட்டி பெரிதான பிறகே மருத்துவமனைப் படியேறுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அக்குளில் பெரிய அறுவையே நடக்கிறது.

அப்படி அறுவை முடிந்தவர் கையை உடலோடு ஒட்டி வைத்தால் தையல் அழுந்துகிறது. விலக்கிப் பிடித்தால் தோள் கடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கையைத் தாங்கிப் பிடிக்க ஒன்று வேண்டும். அதற்குத்தான் இந்தத் தலையணை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், தாமே மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இதய வடிவத் தலையணையை மற்ற நோயாளிகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார். 2006-ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அது பல நாடுகளுக்குப் பரவியது. நோயாளிகளோடு நாள் முழுவதும் இருக்கும் செவிலியர்கள் வழியாகவே இது பரவியது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இதய வடிவம் அழகுக்காக வைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். இதயத்தின் மேலே உள்ள பிளவு அக்குளுக்குள் பொருந்தி உட்காரும். பிளவின் இருபுறமும் காதுகளைப்போல் எழும்பி நிற்கும் பகுதிகளில் ஒன்று மார்பின் பக்கமும் மற்றொன்று முதுகின் பக்கமும் செல்லும். கூர்முனை இடுப்பை நோக்கிக் கீழே இறங்கும். அதன்மேல் கை தளர்ந்து படுத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டால் எங்கே கவனமாகத் தைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். இந்தக் காதுகள் குட்டையாக இருந்தால் தலையணை நழுவி விழும். பிளவு ஆழமில்லாமல் இருந்தால் அக்குளில் முட்டி, தையலையே குத்தும். நாங்கள் பயன்படுத்தும் அளவில் அகலம் 15 அங்குலம், உயரம் 14 அங்குலம், பிளவின் ஆழம் 4 முதல் 5 அங்குலம். மெலிந்த உடம்புக்காரர்களுக்கு இதை ஒரு சுற்றுக் குறைத்துக்கொள்ளலாம். பிளவின் ஆழத்தை மட்டும் குறைக்கக் கூடாது.

செய்தித்தாளை இரண்டாக மடித்துப் பாதி இதயத்தை வரைந்து வெட்டினால் இரு பக்கமும் ஒன்றுபோல் அமைந்த மாதிரி கிடைக்கும். 44 அங்குல அகலமுள்ள துணியில் ஒரு மீட்டருக்கு இரண்டு தலையணைகள் தாராளமாக வரும். துணி பருத்தியாக இருக்கட்டும்: பாப்ளினோ கேம்பிரிக்கோ போதும். திருப்பூரில் இருந்துகொண்டு பனியன் துணியை ஏன் எடுக்கவில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அது தொடுவதற்கு மென்மைதான். ஆனால் இழுத்த பக்கமெல்லாம் நீளும் துணி என்பதால், பஞ்சைத் திணித்ததும் பிளவு விரிந்து வடிவம் கெட்டுவிடுகிறது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், முதல் துவைப்பில் அது சுருங்கவும் செய்யும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். ஜரிகை, சமிக்கி, லேஸ், பொத்தான், ஜிப் எதுவும் வேண்டாம். மரத்துப்போன தோலில் ஒரு பொத்தான் அழுத்தினால் அவருக்கு அது தெரியவே தெரியாது; சிவந்து புண்ணான பிறகே கண்ணில் படும்.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கருஞ்சிவப்பு, மெரூன் போன்ற நிறங்களை நாங்கள் எடுப்பதில்லை; அறுவைத் தையலில் கசிவு இருந்தால் அது துணியில் உடனே தெரிய வேண்டும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான இளஞ்சிவப்பு நாடா அச்சிட்ட துணியையும் தவிர்க்கிறோம். விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் பேருந்தில் வீடு திரும்பும் ஒரு பெண், தம் நோய் என்னவென்று பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குச் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். அவர் வாய் திறக்கும் முன்பே தலையணை அதைச் சொல்லிவிடக் கூடாது. சின்னப் பூப்போட்ட வெளிர்நீலம், இளம்பச்சை, கோடு போட்ட சந்தன நிறம் ஆகியவை ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொருந்துகின்றன.

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கத்தை உள்ளே வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு, நெருக்கமான தையலாகப் போட வேண்டும். பிளவின் அடிமுனையில் இரட்டைத் தையல் அவசியம். எல்லா இழுப்பும் அங்கேதான் சேர்கிறது. அந்த முனையிலும் வளைவுகளிலும் தையல் வரைக்கும் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் திருப்பிய பிறகு சுருக்கம் விழாது. பஞ்சு திணிப்பதற்கான வாயைக் காதிலோ பிளவிலோ விடாமல், ஒரு பக்கத்தின் நேர்ப்பகுதியில் 3 அங்குலம் விட வேண்டும். கடைசியில் அதை நூல் வெளியே தெரியாத கைத்தையலால் மூடுகிறோம். மூடுவதற்கு முன் குண்டூசிகளை எண்ணுவது எங்கள் கூடத்தில் மாறாத வழக்கம். எடுத்த எண்ணிக்கையும் டப்பிக்குத் திரும்பிய எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் அன்று தைத்த அத்தனை தலையணைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

பஞ்சுதான் இந்த வேலையின் உயிர். இலவம்பஞ்சில் தலைவைத்து வளர்ந்த ஊர் நம்முடையது. அதன் குளுமைக்கு ஈடில்லை. இருந்தாலும் இந்தத் தலையணைக்கு அது ஏற்றதன்று. துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், துணியின் வழியே தூசும் வரும். தையல் கூடங்களில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை நிரப்பித் தரலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள்; அது கல்லைப்போல் கனக்கும், கையைத் தாங்குவதற்குப் பதிலாக இழுக்கும். கடைகளில் ரெக்ரான் என்று கேட்டால் கிடைக்கும் செயற்கைப் பஞ்சுதான் சரி. ஒரு தலையணைக்கு 150 முதல் 170 கிராம் வரை போதும். ஒரு கிலோவில் ஆறு தலையணைகள் தேறும். கைநிறைய அள்ளித் திணிக்காமல் சிறிது சிறிதாக உதிர்த்து, முதலில் காதுகளின் நுனியையும் பிறகு நடுவையும் நிரப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அளவுக்கு மேல் திணிக்கிறார்கள். கடையில் வாங்கும் தலையணையின் இறுக்கம் கைக்குப் பழகியிருப்பதால் அப்படி நேர்கிறது. இறுகிய தலையணை கையை உடலிலிருந்து தள்ளிவிடும். அரைமணி நேரத்தில் தோள் சோர்ந்துபோகும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் எளிதாக அமுங்க வேண்டும், விட்டதும் மெல்ல எழும்ப வேண்டும்.

தைத்து முடித்தவற்றை ஒருமுறை துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, புது உறையில் போட்டு மூடுகிறோம். வாசனை சோப்பு, அந்துருண்டை, பவுடர் ஆகியவற்றை அதன் அருகே கொண்டுபோவதில்லை. சாம்பிராணிப் புகை ஏறிய அறையிலும் வைப்பதில்லை. கீமோதெரபி எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நாம் நறுமணம் என்று நினைப்பதே குமட்டலை உண்டாக்கிவிடும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அன்றைக்குத் தைக்க வருவதில்லை.

வீட்டுக்குப் போனபின் இது எப்படிப் பயன்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்தில் போகிறவர்கள், அறுவை நடந்த பக்கம் ஜன்னலோரமாக அமையும்படி இருக்கையைத் தேர்ந்துகொண்டு, கைக்கும் பேருந்தின் சுவருக்கும் நடுவே தலையணையை வைத்துக்கொண்டால், நடைபாதையில் வந்துபோகிறவர்களின் இடியும் படாது, வேகத்தடையில் ஏறி இறங்கும் அதிர்வும் குறையும். மயக்க மருந்துக்குப் பிறகு இருமல் வரும். அப்போது மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் தையல் இழுபடும் உணர்வு குறைகிறது. அம்மாவைச் சில நாள்களாகப் பார்க்காத குழந்தை ஓடிவந்து மடியில் தாவும்போது, நடுவே இந்தத் தலையணை இருந்தால் தாய் பயமில்லாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல்: எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டும், தலையணை அதற்கு உதவாது. தையல் ஆறும்வரை அவர்களுக்குக் கட்டில் கிடைக்க உறவினர்கள் ஏற்பாடு செய்தால் நல்லது.

வாடகைக் காரில் திரும்புகிறவர்களுக்கு, இருக்கை வாரில் சுற்றிக்கொள்ளும் சிறு மெத்தை ஒன்றும் தைக்கிறோம். 8 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள அதை வெல்க்ரோ ஒட்டுப்பட்டியால் வாரில் இணைத்துவிடலாம். அது மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்தால் வார் உடம்போடு படியாது. வலிக்கிறது என்று வாரை அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்வது ஆபத்து.

தலையணையைவிட அதிகமாகக் கேட்டு வாங்கப்படுவது ஒரு சாதாரணத் துணிப்பை. அறுவைக்குப் பின் உள்ளே ஊறும் நீர் வடிவதற்காக ஒரு குழாயைப் பொருத்தி, அதன் முனையில் புட்டியை இணைத்து அனுப்புகிறார்கள். வடியும் அளவு குறையும்வரை, பெரும்பாலும் ஓரிரு வாரங்கள், அதனோடுதான் உட்காரவும் நடக்கவும் தூங்கவும் வேண்டும். நைட்டியில் அதை ஊக்கால் குத்திக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு மறைத்து, விருந்தாளி வந்தால் எழுந்திருக்கவும் கூசுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 9 அங்குல உயரமும் 7 அங்குல அகலமும் உள்ள பையில் நீண்ட பட்டி வைத்து, அறுவை நடக்காத பக்கத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும்படி தைத்தால் போதும். இந்தக் கூச்சத்தில் பாதி போய்விடுகிறது. புட்டி எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால் பட்டியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி தேவை. அளவுக்கோடுகளைப் பார்க்க வசதியாக வாய் அகலமாக இருக்கட்டும். ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்றைப் பயன்படுத்தலாம் என்பதால் இரண்டாகவே கொடுக்கிறோம்.

இந்தத் தலையணை மருந்தாகாது. சுகமாக இருக்கிறதே என்று நாள் முழுவதும் கையை அதன்மேலேயே வைத்து அசைக்காமல் இருந்தால் தோள் இறுகிப்போகும். பிறகு தலை வாரவும் இரவிக்கை அணியவும் கை எழும்பாது. மருத்துவமனையில் சொல்லித்தரும் கைப்பயிற்சிகளை, சொன்ன நாளில் தொடங்கி, சொன்ன அளவில் செய்ய வேண்டும். பயிற்சிகளுக்கு இடையே ஓய்வெடுக்கவே தலையணை. கை வீங்கினாலோ, தையல் சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ தலையணையை மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு உறைக்குள் வைக்கிறோம்; படிக்கத் தெரியாதவர்களுக்குச் செவிலியரே வாயால் சொல்லிக்கொடுக்கிறார்.

முடிந்தால் அறுவைக்கு முந்திய நாளே தலையணை அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது என் விருப்பம். மயக்கம் தெளியும்போது, கையை எங்கே வைப்பது என்று தவிக்கும் முதல் மணி நேரத்திலேயே அது அருகில் இருக்கும். எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் வலியில்லாத வேளையில் பழகியிருப்பார். கொடுக்கும்போது நாங்கள் படம் எடுப்பதில்லை, பெயர் கேட்பதில்லை, எந்தக் கட்டம் என்று விசாரிப்பதும் இல்லை. நோயாளி தாமாகப் பேசினால் உட்கார்ந்து கேட்கிறோம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தையற்காரர்களோ மகளிர் குழுவினரோ தைக்க விரும்பினால், முதலில் உங்கள் ஊருக்கு அருகில் புற்றுநோய் அறுவை நடக்கும் மருத்துவமனைக்குச் சென்று, அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியரைப் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை பேருக்கு அறுவை நடக்கிறது, வெளியிலிருந்து வரும் துணிப்பொருளை வார்டில் அனுமதிப்பார்களா, எப்படித் துவைத்து உறையிட்டுத் தர வேண்டும் என்று கேளுங்கள். மாதிரிக்கு ஒன்று மட்டும் தைத்துக் கொண்டுபோய் அவரிடமே கொடுங்கள். அவர் அமுக்கிப் பார்த்து, அளவிலோ பஞ்சிலோ ஏதேனும் மாற்றச் சொன்னால் மாற்றிக்கொண்டு, அதன்பிறகு மற்றவற்றுக்குத் துணி வாங்குங்கள். வணக்கம்.